சூளைக்கு வெளியே நிற்கும் தமிழ்

மரத்தைச் செதுக்குவர், கல்லைப் பொளிவர், பொன்னை உருக்குவர், நூலை நெய்வர். மண்ணை மட்டும் வனைவர். சுழலும் சக்கரத்தின் நடுவில் வைத்த குழைமண்ணை, உள்ளே ஒரு கையும் வெளியே ஒரு கையுமாக அணைத்து, அது குடமாக எழும்படி செய்யும் செயலுக்கென்றே தமிழ் ஒரு வினைச்சொல்லைப் பேணி வந்திருக்கிறது. தமிழ் வகுப்பில் ‘வனைதல்’ என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்டால் ‘உருவாக்குதல்’ என்று மாணவர் எழுதுவர். ஆசிரியரும் சரியென்று குறியிடுவார். விடையில் பிழையில்லை. ஆனால் அவ்விடையை எழுதியவரும் அதனைத் திருத்தியவரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் தம் கையால் மண்ணை வனைந்து பார்த்ததுண்டா?

தஞ்சோங் மாலிமில் இக்கேள்வியைக் கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. பேராக் மாநிலத்தின் தென் எல்லையில், பெர்ணம் ஆற்றங்கரையில் அமைந்த அச்சிற்றூர், மலேசியாவின் ஆசிரியர் கல்வி வரலாற்றில் தலையாய இடம் பெற்றது. 1922ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் அங்குத் திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, 1997இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. தமிழ்மொழிக் கல்வியில் பட்டம் பெற விழையும் மாணவர் அங்கே சேர்கின்றனர். கலைக்கல்வி பயில்வோரும் அங்கே சேர்கின்றனர். மட்பாண்டக் கலை அவர்தம் பயிற்சிகளுள் ஒன்று. ஒரே பல்கலைக்கழகத்தில் சொல் ஒரு பக்கத்திலும் செயல் மறுபக்கத்திலும் இருக்கின்றன. சொல்லைப் பயிலும் தமிழ் மாணவருள் எத்தனை பேர் செயலைப் பயிலச் சென்றிருக்கின்றனர்? பொழுதுபோக்குக்காக ஒருமுறை எட்டிப் பார்த்துத் திரும்பியோரை விட்டுவிடலாம். மட்பாண்டக் கலையின் மேற்படிப்பில் ஊன்றி நின்று, மண்ணையும் நெருப்பையும் முறையாகக் கற்றோர் எத்தனை பேர்?

தமிழாசிரியராகப் போகும் ஒருவர்க்கு இது தேவையற்ற வேலை என்பதே பெரும்பாலோரின் கருத்து. அக்கருத்து பிழையானது, தமிழுக்கே கேடு விளைப்பது. அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பானை ஓடு தந்த பெருமை

தமிழின் தொன்மையைப் பேசும் மேடைகளில் இன்று முதன்முதலாக எடுத்துக் காட்டப்படுவது யாது? செப்பேடும் கல்வெட்டும் பின்னரே வருகின்றன. முதலில் வருவது உடைந்த பானை ஓடு. சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2014–15இல் தொடங்கிய அகழாய்வு, தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளை வெளிக்கொணர்ந்தது. 2019இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, அங்கு நிலவிய வாழ்வைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிக் கொண்டு சென்றது. கொடுமணலிலும் எழுத்துள்ள ஓடுகளே சான்று. ஆதிச்சநல்லூரில் முன்னோரின் எலும்புகளைக் காத்தவை மண் தாழிகளே. எகிப்து நாட்டின் செங்கடற்கரைத் துறைமுகமாகிய குசேர் அல் கதீமில் கிடைத்த சாடி ஓட்டின் எழுத்துகளை ஐராவதம் மகாதேவன் ‘பானை உறி’ எனப் படித்தார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து சென்ற தமிழ், பானையின் உடலில் தன் பெயரை எழுதி வைத்திருந்தது.

இச்செய்திகளைக் கேட்டு மகிழாத தமிழர் இல்லை. ஆயின் அந்த ஓட்டைக் கையில் எடுத்துப் படிக்க வல்ல தமிழர் எத்தனை பேர்? எழுத்தைப் படிப்பது வேறு, ஓட்டைப் படிப்பது வேறு. ஈரம் உலராத மண்ணில் கூர்முனையால் கீறினால் மண் இருபுறமும் ஒதுங்கி, கீறலின் ஓரம் சற்றே மேடிட்டு நிற்கும். சுட்டு முடித்த பானையில் கீறினால் ஓரம் பொரிந்து உதிரும். மேற்பூச்சுக் கிழிந்து உள்மண் தெரியும். முன்னதை எழுதிய கை பெரும்பாலும் வனைந்தவரின் கை. பின்னதை எழுதியவர் அப்பானையை வாங்கிச் சென்று தமக்குரியதென்று பெயர் பொறித்தவராக இருத்தல் கூடும். பழந்தமிழகத்தில் எழுத்தறிவு யாரிடம் இருந்தது, தொழிலாளரிடமா, இல்லத்தாரிடமா, வணிகரிடமா என்னும் பெரிய வினாவுக்கு இச்சிறிய வேறுபாடு விடை தரத் துணைசெய்கிறது. இவ்வேறுபாட்டை நூலில் படித்து அறியலாம். எனினும் பத்து ஓடுகளில் ஈரத்தில் ஐந்தும் சுட்டபின் ஐந்துமாகத் தாமே கீறிப் பார்த்த மாணவர்க்கு அது ஒருநாளும் மறவாது.

கறுப்புச் சிவப்புப் பானையும் அத்தகையதே. ஒரே பானை உள்ளே கறுத்தும் வெளியே சிவந்தும் இருப்பது எவ்வாறு? இரு வகை மண்ணை ஒட்டியதன்று. பானையைக் கவிழ்த்து, அதன் உட்புறம் காற்றுப் புகாதபடி உமி, வைக்கோல் போன்றவற்றால் மூடிச் சுட்டால், உயிர்வளி கிடைக்காத உள்பக்கம் கரிபடிந்து கறுக்கும். வெளிக்காற்றுப் பெற்ற வெளிப்பக்கம் மண்ணிலுள்ள இரும்பால் சிவக்கும் என்பர் ஆய்வாளர். அப்பானையைச் சுட்டவர் வேதியியல் என்னும் சொல்லை அறியார்; அதன் செயலை நன்கறிவார். அவ்வறிவைப் பாராட்டி மேடையில் முழங்குவோர், அதே செயல் தஞ்சோங் மாலிமில் கற்பிக்கப்படும்போது எட்டி நிற்பது என்ன முறை?

மேற்படிப்பு என்பது யாது?

மட்பாண்டப் பயிற்சி என்றால் களிமண்ணில் பொம்மை பிடிப்பது என்று எண்ணுவோர் பலர். தொடக்கப் பயிற்சி ஓரளவு அவ்வாறிருக்கலாம். மேற்படிப்போ மாணவரைத் தம் மண்ணுக்குத் தாமே பொறுப்பாளராக்குவது. கடையில் வாங்கிய மண் கட்டியை வைத்துக்கொண்டு குவளை செய்வதோடு அது நில்லாது. ஆற்றோரத்திலோ வயலிலோ மண்ணைத் தோண்டி, கரைத்து, வடிகட்டி, உலர்த்தி, பிசைந்து, அதன் குணத்தை அறிவதில் தொடங்குகிறது. மண்ணில் சிறு பட்டைகள் செய்து அவற்றின்மேல் சரியாக 10 சென்டிமீட்டர் கோடு இடுவர். உலர்ந்த பின் ஒருமுறையும் சுட்ட பின் ஒருமுறையும் அக்கோட்டை அளப்பர். கோடு 8.8 சென்டிமீட்டராகக் குறுகியிருந்தால் அம்மண் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சுருங்கியதென்று பொருள். 20 சென்டிமீட்டர் உயரச் சாடி வேண்டுமெனின் எவ்வளவு உயரத்தில் வனைய வேண்டும் என்பதைக் கணக்கிட்ட பின்னரே கை சக்கரத்தைத் தொடும்.

அடுத்து நெருப்பு. சூளையின் வெப்பம் நூறு பாகையைக் கடக்கும் வரை மண்ணில் கலந்திருந்த ஈரம் வெளியேறும். அவசரப்பட்டு வெப்பத்தை ஏற்றினால் நீராவி பானையை வெடிக்கச் செய்யும். ஏறத்தாழ 500 பாகை செல்சியசுக்கு மேல், களிமண்ணின் அமைப்போடு வேதியியலாகப் பிணைந்திருந்த நீரும் பிரிந்துபோகும். அதன்பின் அதனை மீண்டும் நீரில் கரைத்துக் களிமண்ணாக்க எவராலும் இயலாது. 573 பாகையில் மண்ணிலுள்ள படிகக்கல் துகள்கள் திடீரென்று பருக்கும். சூளை ஆறும்போது அதே பாகையில் திடீரென்று சுருங்கும். அந்நேரத்தில் சூளைக் கதவை ஆவலால் திறந்தவர் விரிசல் கண்ட கலங்களையே எடுப்பார். 1886ஆம் ஆண்டில் செருமானிய வேதியியலார் எர்மன் சேகர் வடித்த கூம்புகள், சூளைக்குள் வெப்பம் செய்த வேலையைத் தாம் வளைந்து காட்டுகின்றன. இரவு முழுதும் கண்விழித்து, மணிக்கு மணி வெப்பநிலையைக் குறித்து வைக்கும் மாணவரின் ஏடு, எந்த ஆய்வுக்கூடத்தின் ஏட்டுக்கும் குறைந்ததன்று.

இவற்றிலெல்லாம் நுண்ணியது கண்ணாடிப் பூச்சு. சிலிக்கா கண்ணாடியாகும், அலுமினா அது வழிந்தோடாமல் பிடித்து நிறுத்தும், சுண்ணாம்பு, பொட்டாசு போன்ற இளக்கிகள் அதனை உருகச் செய்யும். இம்மூன்றின் அளவை ஒவ்வொரு பங்காக மாற்றி, சிறு வில்லைகளில் பூசிச் சுட்டு, வரிசைப்படுத்தி ஒப்பிடுவதே ஆய்வு. மரச்சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாசும் உண்டு. உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அடுப்படிச் சாம்பலும் ஆலை உமியும் சூளையில் கண்ணாடியாகின்றன. அதே செம்பு, காற்று மிகுந்த சூளையில் பச்சை நிறம் தரும். காற்றுக் குறைந்த சூளையில் குருதிச் சிவப்பாகும். பூச்சு உடலைவிட மிகுதியாகச் சுருங்கினால் வலைப்பின்னலாக வெடிக்கும். குறைவாகச் சுருங்கினால் ஓரங்களில் உரிந்து விழும். ஒரு குவளையின் மெருகு பிழைபட்டது ஏன் என்பதற்கு விடை காண, கணக்கும் இயற்பியலும் வேதியியலும் ஒன்றுகூட வேண்டும்.

இவ்வறிவை உலகம் மதித்திருக்கிறது. களிமண் சுருங்கும் அளவைக் கொண்டு உயர்வெப்பத்தை அளக்கும் கருவியைச் செய்த ஆங்கிலக் குயவர் சோசையா வெட்சுவூட்டு, 1783இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். சப்பானிய மட்பாண்டக் கலைஞர் அமாடா சோசி, தோக்கியோவின் தொழில்நுட்பப் பள்ளியில் முறையாகப் பயின்று, கியோத்தோ நகரின் மட்பாண்ட ஆய்வு நிலையத்தில் பூச்சுகளை ஆராய்ந்த பின்னரே நாட்டுப்புறக் குயவரிடம் சென்றார். 1955இல் சப்பானிய அரசு அவரைத் தன் நாட்டின் பண்பாட்டுச் செல்வம் எனப் போற்றியது. தமிழ் மண்ணுக்கும் இது புதிதன்று. புதுச்சேரியில் 1971இல் இரே மீக்கரும் தெபோரா சுமித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்சு மட்பாண்டக் கூடம் பல கலைஞரை உருவாக்கியது.

கைத்தொழிற் கல்வி ஒரு சூழ்ச்சியா?

இங்கே எழும் மறுப்பு ஒன்று வலிமை மிக்கது. தட்டிக் கழிக்கத் தக்கதன்று. தஞ்சோங் மாலிம் கல்லூரியின் வரலாறே அம்மறுப்புக்குச் சான்றாகிறது. வின்சுடெட்டு என்னும் ஆங்கில அதிகாரி 1916இல் சாவாவுக்கும் பிலிப்பைன்சுக்கும் சென்று வந்து அளித்த பரிந்துரைகளின் அடிப்படையில், மலாய்ப் பள்ளிக் கல்வியில் கூடை முடைதலும் தோட்டவேலையும் முதன்மை பெற்றன. கல்லூரியின் முதல் முதல்வராகிய துசெக்கின் காலத்திலும் கைவினைக்கும் பயிர்த்தொழிலுக்கும் பெரிய இடம் இருந்தது. உழவன் மகனைத் தந்தையினும் தேர்ந்த உழவனாக்கினால் போதும், அவன் எழுத்தராகவும் அதிகாரியாகவும் உயர வேண்டியதில்லை என்பதே அன்றைய ஆட்சியாளரின் உள்ளக்கிடக்கை. தமிழர் நிலை அதனினும் கீழாக இருந்தது. ஏழு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகளுட் பல கொட்டகைகளாகவே இருந்தன. பால்மரக் காட்டுக்கு ஆள் வேண்டும் என்பதே நிருவாகத்தின் கவலை. ‘என் பிள்ளையாவது கத்தியைத் தொடாமல் இருக்கட்டும்’ என்று தோட்டத்துத் தாய் நினைத்ததில் குற்றம் காண எவருக்கும் உரிமையில்லை. அவளிடம் சென்று, பிள்ளை பல்கலைக்கழகத்தில் மண் பிசைகிறான் என்றால் அவள் நெஞ்சம் பதறாதோ?

பதறும். ஆயினும் அதே கல்லூரியின் வரலாற்றை இறுதிவரை படிக்க வேண்டும். கூடை முடையக் கற்பித்த அந்நிறுவனத்தில்தான் 1924 முதல் 1939 வரை சாபா என்னும் சைனல் ஆபிதீன் அகமது மொழிபெயர்ப்புப் பணியில் இருந்து மலாய் உரைநடைக்கும் இலக்கணத்துக்கும் அடித்தளம் இட்டார். அங்குப் பயின்ற இப்ராகிம் யாக்கோப் 1938இல் இளம் மலாயர் ஒன்றியத்தைத் தோற்றுவித்தார். கையையும் கருத்தையும் ஒருசேரப் பயன்படுத்திய மாணவரை, ஆட்சியாளர் வகுத்த கூரையால் மறைத்துவைக்க முடியவில்லை. கைத்தொழில் அவர்களைத் தாழ்த்தவில்லை. கைத்தொழிலுக்கு மேல் ஏதும் கூடாதென்ற விதியே தாழ்த்த முயன்றது. விதியை உடைத்தெறிந்தனர்; கைத்தொழிலைத் தூக்கி எறியவில்லை. தமிழரோ விதியின்மேல் கொண்ட சினத்தைத் தொழிலின்மேல் காட்டிவிட்டனர்.

வேலைக்காடு வேறு, கலைக்கூடம் வேறு. மரம் வெட்டிய தமிழரிடம் மரத்தின் அறிவியலை எவரும் கேட்கவில்லை. அவரும் கேட்டறிய விடப்படவில்லை. அவர் பால் வடித்த மங்கைக் கூடப் பிறர் வனைந்தனர். சிங்கப்பூர் சாலான் பகாரில் 1940இல் கட்டப்பட்ட நெடிய நாகச் சூளை உள்ளிட்ட சீனக் குயவர் சூளைகளில் சுடப்பட்ட பால்மங்குகளே தோட்டந்தோறும் மரத்தில் தொங்கின. ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான மங்குகளைத் துடைத்து வைத்த கைகளுக்கு, அம்மங்கு எந்த மண், எந்தப் பூச்சு, ஏன் பால் அதில் ஊறவில்லை என்பது தெரியாது. தெரியாமல் செய்த உழைப்பே அடிமைத்தனம். தெரிந்து செய்யும் உழைப்புக்குக் கல்வி என்று பெயர். பேரப்பிள்ளை சூளையின் முன் ஏட்டோடு நிற்பது பாட்டனின் கூலிவாழ்வுக்குத் திரும்புவதாகாது. பாட்டனுக்கு மறுக்கப்பட்ட அறிவைப் பெறுவதாகும்.

இழிவு யாருடையது?

இன்னொரு மறுப்பு வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. ‘அது குயவர் தொழில்’ என்னும் முணுமுணுப்பே அது. கடல் கடந்து வந்தும் தமிழர் கரையில் விட்டுவராத மூட்டைகளுள் சாதியும் ஒன்று. பொங்கலுக்குப் புதுப்பானையும் கார்த்திகைக்கு அகலும் வேண்டும். அம்மன் திருவிழாவுக்குத் தீச்சட்டி வேண்டும். திருமண மேடைக்குக் குடவரிசை வேண்டும். அவற்றை வனைபவர் மட்டும் வேண்டாதவர். சிலாங்கூர் மாநிலத்துக் குவாலா சிலாங்கூர் வட்டாரத்தில் தமிழ்க் குயவர் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சக்கரம் சுழற்றி வந்துள்ளன. தைத் திருநாளுக்கு முன் அவர்களைத் தேடிச் செல்வோர், மற்ற மாதங்களில் அவர்களை எண்ணிப் பார்ப்பதுண்டா?

பழந்தமிழர் இவ்வாறு எண்ணவில்லை. புறநானூற்றின் 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், மறைந்த சோழன் கிள்ளிவளவனுக்குத் தாழி வனையப் போகும் குயவனை, அரசனுக்குரிய சொல்லாலேயே விளிக்கிறார். அறுபத்து மூன்று நாயன்மாருள் திருநீலகண்டர் தில்லைக் குயவர். அடியார்க்குத் திருவோடு வனைந்து கொடுத்தவர். வனைந்தவரைத் தலைவராகவும் அடியாராகவும் கொண்டாடிய இலக்கியத்தைக் கற்பித்துக்கொண்டே வனைதலை இழிவென்று கருதும் ஆசிரியர், தாம் கற்பிக்கும் நூலுக்கே எதிர்ச்சாட்சி ஆகிறார்.

பிழைப்புக்கு உதவுமா?

சோறு போடுமா என்று கேட்போர்க்கும் நேர்மையாக விடை கூற வேண்டும். பானை விற்று மாளிகை கட்டியவர் அரியர். கையால் வனைந்த கலத்தின் விலையை ஆலைக் கலமும் நெகிழியும் தாழ்த்திவிட்டன. கோலக்கங்சார் அருகே சாயோங்கில் பெண்கள் கையாலேயே வனைந்து, திறந்த வெளியில் சுட்டு, கனன்றிருக்கும்போதே உமியில் புதைத்துக் கறுப்பேற்றிய புகழ்பெற்ற லாபு சாயோங் நீர்க்குடங்களும், இன்று பெரும்பாலும் அச்சில் வார்க்கப்பட்டே சந்தைக்கு வருகின்றன. இதனை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் சுடுமண் அறிவு குடத்தோடு முடிவதன்று. தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் நிறுவனம் 2003 முதல் மகிழுந்துகளைச் செய்து வருகிறது. அத்தகைய மகிழுந்தின் தீப்பொறிச் செருகியில் மின்சாரத்தைத் தடுக்கும் வெள்ளைப் பகுதி சுட்ட அலுமினா. புகைக்குழாயில் நச்சு வளியை மாற்றும் தேனடை போன்ற கட்டை, சூளையில் சுட்ட மண்பொருள். மின்கம்பத்துப் பீங்கான், வீட்டுத் தரை ஓடு, கைப்பேசியினுள் இருக்கும் மணல்மணியளவு மின்தேக்கி, பல் மருத்துவர் பொருத்தும் செயற்கைப் பல் ஆகியன அனைத்தும் குயவர் சூளையின் வழித்தோன்றல்கள். தஞ்சோங் மாலிமிலிருந்து வடக்கே செல்லும் சாலையில், பீடோர், தாப்பா வட்டாரங்களில் தோண்டப்படும் வெண்களிமண் இத்தகைய தொழில்களுக்கு மூலப்பொருள். மண் பேராக்கினுடையது, அறிவு யாருடையதாக இருக்கப் போகிறது?

தமிழாசிரியராகவே பணியாற்றப் போவோர்க்கும் ஊதியத்துக்கு அப்பாற்பட்ட பயன் உண்டு. அதுவே முதன்மையானது.

வகுப்பறைக்கு வரும் மண்

தொடக்கப்பள்ளிக் காட்சிக் கலைக்கல்வியில் மரபுக் கைவினை அறிமுகம் ஒரு கூறு. மட்பாண்டமும் அதில் அடங்கும். லாபு சாயோங்கின் படத்தைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை நூலில் பார்க்கிறது. படத்துக்கு வண்ணம் தீட்டியதும் பாடம் முடிந்துவிடுகிறது. தேர்வு நெருங்குகிறது, கலைப்பாட வேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம் என்று சொன்ன காலம் ஒன்றிருந்தது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வாகிய யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டது. இனி அச்சாக்கும் இல்லை. களிமண்ணுக்குப் பெரும் பொருட்செலவும் இல்லை. இல்லாதது மண்ணைத் தொட்டறிந்த ஆசிரியரே.

அவ்வாசிரியர் இலக்கியத்தையும் வேறு கண்கொண்டு காண்பார். புறநானூற்றின் 256ஆம் பாட்டில், கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் சேர்த்து இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவனை வேண்டுகிறாள். உரை கூறி, கைம்மை நிலையின் அவலத்தை விளக்கி, பாடத்தை முடிப்பது எளிது. பெருந்தாழி வனைய முயன்றவர் மற்றொன்றையும் உணர்வார். தாழியை ஒரே மூச்சில் சக்கரத்தில் எழுப்ப இயலாது. அடிப்பகுதியை எழுப்பி, அது சற்று இறுகும் வரை காத்திருந்து, மேலே மண்சுருள் ஏற்றி, தட்டித் தட்டி இணைத்து, மீண்டும் காத்திருக்க வேண்டும். அகலம் கூடுந்தோறும் ஈரச்சுவர் தன் பாரம் தாளாமல் சரிய முற்படும். அவள் கேட்பது எளிய உதவியன்று. குயவனின் திறனுக்கே எல்லையான ஒரு பணியைக் கேட்கிறாள். அவளுடைய துயரின் அளவு, அத்தாழியின் அகலத்தில் இருக்கிறது. மண் தெரிந்த ஆசிரியரின் வகுப்பில் அப்பாட்டு மாணவரின் உள்ளங்கை வரை இறங்கும்.

சொற்களின் நிலையும் அதுவே. தாழி, மிடா, தடா, குதிர், சாடி, பரணி, தோண்டி, கலயம், மொந்தை, குழிசி, அகல் என நிகண்டில் வரிசையாய் நிற்கும் சொற்கள், பொருளை இழந்த பெயர்களாகி வருகின்றன. இவற்றின் வேறுபாடு வாயின் அகலத்திலும் கழுத்தின் நீளத்திலும் வயிற்றின் வளைவிலும் இருக்கிறது. வனைந்தவர்க்கு அவ்வேறுபாடு தெரியும். மனப்பாடம் செய்தவர்க்கு அனைத்தும் ‘ஒரு வகைப் பாத்திரம்’. மறுபுறம், சூளையின் இன்றைய அறிவு மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே கற்பிக்கப்படுகிறது. பூச்சு வெடிப்பதற்கும் உரிவதற்கும், மண் இறுகும் பதங்களுக்கும், தீயின் நிலைகளுக்கும் தமிழில் நிலைபெற்ற சொற்கள் வேண்டாவா? அவற்றை மேசையில் அமர்ந்து ஆக்க முடியாது. முதிய குயவரின் வாய்ச்சொல்லைக் கேட்டு, சூளையின் முன் நின்று பொருத்திப் பார்த்தே ஆக்க முடியும். தமிழும் மட்பாண்டமும் ஒருங்கே கற்ற மாணவர் அல்லாமல் வேறெவர் இதனைச் செய்யக்கூடும்?

செய்ய வேண்டுவன சிலவே. தஞ்சோங் மாலிமில் தமிழ் பயிலும் மாணவர், விதி இடமளிக்கும் வரை மட்பாண்டப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடமளிக்காவிடில் இடம் கேட்க வேண்டும். ஆண்டுக்கொரு மாணவரேனும் தமிழ்க் குயவரின் தொழிற்சொற்களைத் திரட்டித் தம் ஆய்வேடாக்க வேண்டும். தமிழ்ப்பள்ளிகள் பிள்ளைகளைச் சாயோங்குக்கும் தமிழ்க் குயவர் இல்லங்களுக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். எழுத்தாளர் அமைப்புகள் மட்பாண்டக் கலைக்குத் தமிழில் ஒரு கையேடு கொணர வேண்டும். இவற்றுள் எதற்கும் அரசாணை தேவையில்லை. கூச்சத்தை விடுவதே தேவை.

‘பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டாது’ என்பது பழமொழி. கலைக்கூடத்தில் நாள்தோறும் மெய்ப்படும் உண்மை அது. கைப்பிடியைக் குவளையோடு இணைக்க வேண்டுமானால் இரண்டும் ஈரமாயிருக்கும் வேளையிலேயே இணைக்க வேண்டும். ஒன்று சூளை கண்ட பின் எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பதில்லை. தமிழாசிரியராகப் போகும் இளைஞர் தஞ்சோங் மாலிமில் கழிக்கும் சில ஆண்டுகளே அவர்தம் ஈரமான காலம். சொல்லையும் செயலையும், ஏட்டையும் சக்கரத்தையும் அப்போதே இணைத்துவிட வேண்டும். பணி ஏற்று, பழக்கம் இறுகி, வகுப்பறையில் சுட்ட மண்ணாக நிலைத்த பின், பானை ஓட்டின் பெருமையை மேடையில் பேசலாம். பானையைப் பேச இயலாது.